எட்டு நாடுகள் வேண்டாம், மூன்று ஊர்கள் போதும்

பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மருந்து மாற்றம் ஆகியவற்றைப் பேசி முடித்து எழுந்தவர், கதவருகே நின்று திரும்பிக் கேட்பார்: “கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் ஐரோப்பா போகலாம் என்கிறார்கள். நானும் போகலாமா, டாக்டர்?” கேட்பவர் இதயத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவராக இருக்கலாம், பல்லாண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருக்கலாம், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவராகவோ, புற்றுநோய்ச் சிகிச்சையை நிறைவு செய்தவராகவோ இருக்கலாம். ஆசையும் தயக்கமும் கலந்த அந்தத் தொனி மட்டும் எல்லாரிடமும் ஒன்றாகவே இருக்கிறது.

இக்கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. “இந்த உடம்பை வைத்துக்கொண்டு எதற்கு வெளிநாடு?” என்பது ஒன்று. “எல்லாரும்தானே போகிறார்கள், தாராளமாகப் போங்கள்” என்பது மற்றொன்று. இரண்டுமே எளிய விடைகள். இரண்டுமே நோயாளரை முழுமையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவை. முதலாவது அவருடைய வாழ்வை மருந்துச் சீட்டளவுக்குச் சுருக்குகிறது. இரண்டாவது, அவருடைய உடல் எந்தக் கட்டுப்பாடுகளோடு ஒவ்வொரு நாளையும் கடக்கிறது என்பதை மறக்கிறது. நிலையான உடல்நிலையில் உள்ள பெரும்பாலான நோயாளர்கள் பயணம் செய்யலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் எத்தனை ஊர்கள், எத்தனை இரவுகள், எந்த வேகம் என்பவை முடிவாகாமல் “போகலாமா” என்ற கேள்விக்குப் பொறுப்பான விடை எதுவும் இல்லை. அந்த வேகத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

விளம்பரத் தாளின் வேகம்

வழக்கமான ஒரு குழுப்பயணத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்து இரவுகள், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிட்சர்லாந்து, இன்ஸ்ப்ரூக், வெனிஸ், பிளாரன்ஸ், ரோம். தாளில் பார்க்கும்போது எட்டு நாடுகள். கொடுத்த பணத்துக்கு நிறைவான பட்டியல் என்றே தோன்றும். இதை ஒரு நோயாளரின் நாளாக மாற்றிப் படித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பெட்டியைக் கட்ட வேண்டும். குறித்த நேரத்தில் காலை உணவை முடித்துப் பேருந்தில் ஏற வேண்டும். இறங்கி, படம் எடுத்து, மீண்டும் ஏற வேண்டும். இரவு புதியதோர் அறையில் மருந்துப் பையைத் தேட வேண்டும். மறுநாளும் இதுவே.

இந்த வேகத்தில் முதலில் பலியாவது மருந்து ஒழுங்கு. இதயச் செயலிழப்புக்கும் கால் வீக்கத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர், பேருந்தில் கழிப்பறைக்கு வழியில்லை என்பதால் காலை மாத்திரையைச் சொல்லாமலே விட்டுவிடுவார். மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்பவர் உண்டு. சர்க்கரை நோயாளர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதிய உணவு எப்போது வருமென்று தெரியாமல் அமர்ந்திருப்பார். இவற்றில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தம்மால் பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணமே காரணம். நாங்கள் அஞ்சுவது இந்த மௌனத்தைத்தான். மூச்சிரைப்பும் மயக்கமும் வெளியே தெரியும்போது, அவற்றுக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் யாருக்கும் தெரியாமல் கடந்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, பேருந்து ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. களைத்த ஓட்டுநரால் விபத்து நேரும் என்பதால் அவருடைய களைப்புக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நோயாளரின் களைப்புக்கு எந்தச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. அதைக் குடும்பமே கொடுக்க வேண்டும். அதுவும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும்.

இன்னொரு காட்சியும் எங்களுக்குத் தெரிந்ததே. அரண்மனை வாயிலிலோ மலை ரயில் நிலையத்திலோ பேருந்து நிற்கிறது. “அப்பா, நீங்கள் பஸ்ஸிலேயே இருங்கள், நாங்கள் அரை மணியில் வந்துவிடுகிறோம்” என்கிறார் மகன். சொல்பவரிடம் அன்பு இல்லாமல் இல்லை. ஆயினும் பெரும் பணம் செலவிட்டு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அழைத்து வந்த ஒருவரை வாகன நிறுத்தத்தில் உட்கார வைப்பதை விடுமுறை என்று எப்படிச் சொல்வது? அவரை விட்டுச் செல்லும்படி மகனை நிர்ப்பந்தித்தது அந்தப் பயணத் திட்டம். அதைத் திருத்த முடியும்.

இடம் மாறுவதன் விலை

ஊர் விட்டு ஊர் மாறுவதற்கு ஒரு விலை உண்டு. பெட்டி கட்டுதல், அறையைக் காலி செய்தல், பயணம், அடுத்த விடுதியில் அறை கிடைக்கும் பிற்பகல் வரை காத்திருத்தல் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது அரை நாள் செலவாகும் என்று கணக்கிடுங்கள். பத்து நாட்களில் ஆறு முறை இடம் மாறினால் மூன்று நாட்கள் பெட்டியோடு போய்விடுகின்றன. நோயாளர் உடன் வந்தால் அந்த அரை நாளுக்குப் பின் ஓய்வுக்கென இன்னும் அரை நாள் வேண்டும். அப்போது ஆறு நாட்கள் கணக்கிலிருந்து கழிகின்றன. பத்து ஊர் பார்த்ததாகப் பெயர். எந்த ஊரிலும் காலை உணவுக்குப் பின் நிதானமாக ஒரு தெருவில் நடந்ததில்லை.

எனவே நாங்கள் முன்வைக்கும் விதிகள் மூன்று. ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவுகள், இயன்றால் நான்கு. ஒரு நாளில் ஒரே ஒரு முக்கிய இடம். இடம் மாறும் நாளில் வேறெந்தத் திட்டமும் கிடையாது.

எடுத்துக்காட்டாக, பதின்மூன்று இரவுகள் கொண்ட ஒரு பயணத்தை இவ்வாறு அமைக்கலாம்: பாரிஸில் நான்கு, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நான்கு, இத்தாலியின் பிளாரன்ஸில் நான்கு, விமானம் ஏறுவதற்கு முந்திய இரவு ரோமில் ஒன்று. பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும் வகையில் விமானச்சீட்டு எடுத்தால், வந்த வழியே திரும்பிச் செல்லும் அலைச்சல் இல்லை. பாரிஸிலிருந்து பாசெல் வரை அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கே வண்டி மாறினால் லூசெர்ன் ஒரு மணி நேரத் தொலைவு. லூசெர்னிலிருந்து, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கொட்ஹார்ட் சுரங்கப்பாதை வழியாக மிலான் சென்று, வண்டி மாறிப் பிளாரன்ஸ் சேர ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அது நீளமெனத் தோன்றினால் மிலானில் ஓர் இரவு தங்குங்கள். பிளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி நேரப் பயணம். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, நகர நடுவிலேயே இறங்கலாம். நோயாளருக்குப் பேருந்தைவிட ரயில் உகந்தது என்று நாங்கள் சொல்வதற்கு இவையே காரணங்கள்.

“இவ்வளவு செலவழித்துப் போய் லண்டனைப் பார்க்காமல் வருவதா?” என்ற வாதம் நியாயமற்றதன்று. பலருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பயணம். சேமிப்பின் பெரும்பகுதி இதில் கரைகிறது. ஆனால் விட்டுவிடும் ஊரால் மிச்சமாவதையும் எண்ணிப் பாருங்கள். பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது. ஓர் ஊரைக் குறைத்தால் அதற்கான விசாக் கட்டணம், பயணச்சீட்டு, விடுதி எல்லாம் குறைகின்றன. பத்து இரவுகளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஊருக்கு ஐந்து இரவுகள் வீதம் இரண்டே ஊர்கள் போதும். விடுதி அறைக்கு மாற்றாகச் சமையலறையுள்ள வீட்டை வாரக் கணக்கில் எடுத்தால், சோறும் இரசமும் வைத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டியில் இன்சுலினும் இருக்கும். வெளிநாட்டு மருத்துவமனையில் கழியும் ஓர் இரவின் கட்டணம், இப்படி மிச்சம்பிடித்த எல்லாவற்றையும் விழுங்கிவிடக்கூடியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உயரமும் வெப்பமும் படிக்கட்டும்

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அழகோடு சேர்த்து வேறு மூன்றையும் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

முதலாவது உயரம். சுவிட்சர்லாந்துப் பயணம் என்றாலே பலர் நினைப்பது யுங்ஃப்ராயோக் பனிச் சிகரப் பகுதியை. அதன் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அடிவாரத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ரயில் அங்கே ஏற்றிவிடுகிறது. உடல் பழகிக்கொள்ள அவகாசம் இல்லை. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. உடல்நலம் மிக்கவருக்கே தலை கனக்கும். மார்புவலி உள்ளவர், இதயச் செயலிழப்புள்ளவர், நாள்பட்ட நுரையீரல் நோயாளர், கடுமையான இரத்தசோகை உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் அங்கே ஏறக் கூடாது. லூசெர்ன் ஏரிக்கரையிலிருந்து படகில் விட்ஸ்னாவ் சென்று, 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ரிகி மலை உச்சிக்குப் போகலாம். அதன் உயரம் 1,798 மீட்டர்; கொடைக்கானலைவிடக் குறைவு. ஏரியும் பனிமலைத் தொடரும் அங்கிருந்தே தெரியும். குடும்பத்தில் உடல் வலுவுள்ளவர்கள் ஒரு பகல் பனிச் சிகரத்துக்குப் போகட்டும். மற்றவர்கள் ஏரிப் படகில் போகட்டும். மாலையில் கூடி இரு கதைகளையும் பேசலாம். ஒரு பகல் பிரிந்திருப்பதால் குடும்பப் பயணம் குறைபட்டுவிடாது.

இரண்டாவது வெப்பம். ஐரோப்பா என்றால் குளிர் என்று எண்ணிக் கம்பளிகளை அடுக்குவோர் பலர். 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. 2003 கோடை வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். அங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் குளிர்சாதன வசதி கிடையாது. நமக்கு வெயில் பழக்கம்தானே என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. நீர் பிரியும் மாத்திரையும் சில இரத்த அழுத்த மருந்துகளும் உட்கொள்வோருக்கு உடலின் நீர்ச்சத்து விரைவில் குறையும். மே மாதமோ ஜூன் முற்பகுதியோ ஜூலை, ஆகஸ்டைவிட நல்லது. அறை முன்பதிவின்போது குளிர்சாதனம் உண்டா, மின்தூக்கி உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வெப்பத்துக்கு அந்நாட்டு வானமே ஒரு மாற்று வைத்திருக்கிறது. ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. காலையில் ஓர் இடம், உச்சிப்பொழுதில் அறைக்குத் திரும்பி உணவும் உறக்கமும், மாலை ஆறு மணிக்குமேல் ஆற்றங்கரையில் நடை என்று நாளைப் பிரித்துக்கொண்டால், ஓய்வெடுத்ததால் எதையும் இழந்ததாகாது. இந்த நடுப்பகல் ஓய்வைத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த நேரத்தில் வேறேதாவது வந்து அமர்ந்துவிடும்.

மூன்றாவது படிக்கட்டு. பாரிஸ் மெட்ரோ 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. அங்கு நகரப் பேருந்தே முழங்கால் வலிக்காரருக்குத் துணை. ஈஃபில் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை சக்கர நாற்காலியில் செல்லலாம், உச்சிக்கு அனுமதியில்லை. பிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு ஏற 463 படிகள்; மின்தூக்கி கிடையாது. வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை படிகளால் ஆனவை. இவற்றை முன்பே அறிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை. சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் நடமாட்டச் சிரமம் உள்ளோருக்குக் கட்டணமின்றி உதவி வழங்குவது சட்டக் கடமை. 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்தால் போதும். வீட்டுக்குள் நடப்பவர்தானே என்று எண்ணி, பெரிய விமான நிலையங்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வைப்பது கொடுமை.

மருந்துப் பையின் கணக்கு

வேகத்தைக் குறைத்த பின்னரே மருந்தைப் பற்றிப் பேசுவது பயன்தரும். மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துக்கொண்டு, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே அது உறைந்தால் பயனற்றுப் போகும். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; இங்குள்ள வணிகப் பெயர்கள் அங்குள்ள மருந்தகங்களில் விளங்கா.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுகள் கொண்ட யு-40 வகை பெரிதும் புழங்குகிறது. அதற்குரிய ஊசியும் தனி. ஐரோப்பாவில் கிடைப்பது பொதுவாக 100 அலகுகள் கொண்ட யு-100 வகை. இங்கிருந்து கொண்டுசென்ற யு-40 ஊசியால் அங்கே வாங்கிய யு-100 இன்சுலினை எடுத்தால், குறியீட்டில் 10 என்று காணும் அளவில் 25 அலகுகள் உடலில் ஏறும். இது உயிருக்கே ஆபத்து. போதிய இன்சுலினும் அதற்குரிய ஊசிகளும் இங்கிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். அங்கே வாங்க நேர்ந்தால் ஊசியையும் சேர்த்தே வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் சர்க்கரை அளவை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அதை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கு வரும். அங்கே 7 என்றால் இங்கே 126.

நமக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வேறுபாடு. செல்லும் நாள் அந்த அளவுக்கு நீளும். திரும்பும் நாள் சுருங்கும். எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இத்தாலியில் மதிய உணவு முடிந்தபின் பல உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும். இரவு ஏழு அல்லது ஏழரைக்குத்தான் மீண்டும் திறக்கும். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவரின் பையில் பொரிகடலையும் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்க வேண்டும். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை உள்ளதால், பால்கோவாவையும் நெய்ப் பண்டங்களையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ரோம் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட பொதுக் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. ஒரு காலிப் பாட்டில் போதும்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்துக்குப் பின் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. அப்போதும் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் அளவே என்பதால் அச்சம் வேண்டாம். ஆனால் புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், முன்பு இரத்த உறைவு கண்டவர்கள் ஆகியோர் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். குறுகிய காலத்தில் பல முறை விமானம் ஏறுவதும் இவ்வாய்ப்பைக் கூட்டும். ஊர்களைக் குறைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைத்ததும் பலர் அப்பத்திரத்தைப் படிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது ஈடு தருமா, உயிராபத்து நேரத்தில் மட்டும் தருமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேளுங்கள். உங்கள் நோயை மறைத்துப் பத்திரம் வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.

போகக் கூடாத நேரங்கள்

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் பயணம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டிருந்தால், அது முற்றிலும் கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, பார்வையே பறிபோகலாம். நுரையீரல் உறையில் காற்றுத் தேங்கியவர்களுக்கும் அது சீராகும்வரை தடை உண்டு. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களும், மருந்து அளவு இன்னும் நிலைப்படாதவர்களும் காத்திருக்க வேண்டும். வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்வோர், செல்லும் ஊரில் பல வாரங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்து, நோய்த்தொற்றுப் பரிசோதனை முடிவுகளை அனுப்பி, கட்டணத்தையும் அறிந்த பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரே ஊரில் தங்கும் விடுமுறையே உகந்தது. ஒரு கோடையைத் தள்ளிவைப்பது பயணத்தைக் கைவிடுவதாகாது.

உடனிருப்போருக்கு ஒரு பிற்பகல்

உடனிருந்து பராமரிப்போர் பலருக்கு வீட்டில் ஓய்வென்பதே இல்லை. வெளிநாடு போனாலும் மருந்து வேளை, ஊசி, உணவு, காலணி அணிவித்தல் என்று அதே பணிகள், பழக்கமற்ற ஓர் அறையில் தொடர்கின்றன. பெரும்பாலும் இது மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழுகிறது. அவருக்கு அது விடுமுறை என்று பிறர் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிற்பகலை அவருக்கென்றே ஒதுக்குங்கள். அந்நேரத்தில் மகனோ பேத்தியோ நோயாளருடன் பூங்காவில் அமரட்டும். மருந்து அட்டவணை ஒருவருடைய நினைவில் மட்டும் இராமல் தாளில் எழுதப்பட்டுக் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். நான்கு இரவு தங்கும் ஊரில் இது இயலும். நாளுக்கொரு ஊரில் இயலாது.

நோயாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களால் மற்றவர்கள் மெதுவாகப் போக நேர்கிறதே என்று வருந்தாதீர்கள். உங்களுக்காகக் குறைக்கப்பட்ட வேகம் பேரக் குழந்தைக்கும் உதவுகிறது. மூன்றாம் நாளே சோர்ந்து அழுகிற குழந்தைகள் எத்தனையோ. களைப்பைக் களைப்பென்று அன்றன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரையை விட்டிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். திட்டமிட்ட ஓரிடத்துக்குச் செல்லாமல் விடுதி வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்திருக்க விரும்பினால், அதையும் கேளுங்கள். அந்த உரிமையும் நீங்கள் செலுத்திய பணத்தில் அடக்கம்.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எனவே போதிய காலம் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள், இரவுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டிய தொலைவு, ஏற வேண்டிய உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். கதவருகே நின்று கேட்க வேண்டாம்; உட்கார்ந்து பேசுவோம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாருங்கள். கட்டிய பிறகு ஊர்களைக் குறைப்பது கடினம்.